ஒரு நொடியில் உறைந்த ஐந்து உலோகங்கள்

மேசைமேல் இரண்டு சிலிக்கான் தகடுகள். இரண்டின் மேலும் ஒரே மூலத்திலிருந்து, ஒரே அறையில், ஒரே நாளில் பூசிய படலம். தடிமன் ஒரு மைக்ரான் அளவு. தலைமுடியின் குறுக்களவில் எழுபது எண்பதில் ஒரு பங்கு. படலத்தில் இருப்பவை குரோமியம், மாங்கனீசு, இரும்பு, கோபால்ட், நிக்கல். ஐந்தும் ஏறக்குறைய சம பங்கு. முதல் தகட்டில் முகம் தெரிகிறது. இரண்டாவது, ஆவி படிந்த கண்ணாடி மாதிரி மங்கிக் கிடக்கிறது. வைர முனையால் அழுத்திப் பார்த்தால் பளபளப்பானது எதிர்த்து நிற்கிறது. மங்கலானது எளிதில் அமுங்கிவிடுகிறது. இரண்டையும் செய்தபோது மாற்றியது ஒன்றே ஒன்று: அறைக்குள் விட்ட ஆர்கான் வாயுவின் அழுத்தம்.

உயர் என்ட்ரோபி உலோகக்கலவை என்ற பெயரில் இருபது ஆண்டுகளாக ஆய்வகங்கள் கொண்டாடிவரும் பொருள் இது. கொண்டாடத் தகுந்ததுதான். ஆனால் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் எந்தெந்த உலோகம், எத்தனை பங்கு என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மென்படலமாகச் செய்யும்போது அந்தப் பட்டியல் பாதிக் கதையைக்கூடச் சொல்வதில்லை. அணுக்கள் எப்படி வந்து சேர்ந்தன, சேர்ந்தபின் நகர்ந்துகொள்ள அவற்றுக்கு எவ்வளவு நேரம் கிடைத்தது என்பதில்தான் மீதிக் கதை இருக்கிறது.

உலோகங்களைக் கலப்பதில் மனிதன் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஒரே வழக்கத்தைத்தான் பின்பற்றினான். ஓர் உலோகம் தலைமை, மற்றவை துணை. வெண்கலத்தில் செம்பு தலைமை, எஃகில் இரும்பு, விமானத் தகட்டில் அலுமினியம். நம்மூர் ஐம்பொன் சிலைகளும் இதற்கு விலக்கல்ல. பெயரில் ஐந்து இருந்தாலும், சோழர் காலப் படிமங்களைச் சோதித்தால் பெரும்பங்கு செம்பாகவே இருக்கிறது. வெள்ளீயமும் ஈயமும் சிறு பங்குதான். சம பங்காகக் கலக்க யாரும் துணியாததற்குக் காரணம் உண்டு. பல உலோகங்களைச் சரிக்குச் சரி உருக்கி ஊற்றினால் அவை தங்களுக்குள் ஜோடி சேர்ந்து, கடினமான ஆனால் சட்டென்று நொறுங்கும் சேர்மங்களாகப் பிரிந்துவிடும் என்பது உலோகவியலாரின் அனுபவம்.

துணிந்தவர்கள் இல்லாமலும் இல்லை. பெர்லினில் ஃபிரான்ஸ் கார்ல் ஆக்கார்ட் என்ற வேதியியலாளர் ஏழு உலோகங்கள் வரை கலந்து சோதித்து, 1788-இல் அந்த முடிவுகளைப் புத்தகமாகவே போட்டார். பீட் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலையை முதலில் கட்டியவர் என்று அவரை உலகம் நினைவில் வைத்தது. கலவைப் புத்தகத்தை மறந்தது. 1981-இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் பிரையன் கான்டரும் அவருடைய மாணவர் அலைன் வின்சென்டும் இருபது தனிமங்களை ஐந்து ஐந்து சதவீதமாக உருக்கிப் பார்த்தார்கள். கிடைத்தது எளிதில் நொறுங்கும் ஒரு கட்டி. ஆனால் அந்தக் கட்டிக்குள் ஒரு பகுதி மட்டும் ஒழுங்கான ஒற்றைப் படிகக் கட்டமைப்பாக அமைந்திருந்தது. அதில் செறிந்திருந்தவை மேலே சொன்ன அதே ஐந்து உலோகங்கள். அவற்றை மட்டும் எடுத்துச் சமமாகக் கலந்தார்கள். ஐந்தும் பிரியாமல் ஒரே கட்டமைப்பில் நின்றன. இன்று அதற்குக் கான்டர் கலவை என்று பெயர்.

தைவானில் ஜியென்-வெய் யே என்ற பேராசிரியருக்கு 1995-இல் ஒரு கார்ப் பயணத்தின்போது இதே எண்ணம் தனியாகத் தோன்றியது. இருவருடைய கட்டுரைகளும் 2004-இல் வெளிவந்தன. அதற்கு முந்தைய ஆண்டே பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் எஸ். ரங்கநாதன், ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் பல உலோகக் கலவைகளின் காலம் வருகிறது என்று எழுதிவிட்டார். பின்னாளில் யே, ரங்கநாதன், சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த பி. எஸ். மூர்த்தி ஆகிய மூவரும் சேர்ந்து எழுதிய நூல்தான் இந்தத் துறைக்குள் நுழையும் மாணவர்கள் முதலில் புரட்டும் நூல்களில் ஒன்று.

இந்தக் கலவைகளுக்கு உயர் என்ட்ரோபி என்ற பெயரைக் கொடுத்தவர் யே. என்ட்ரோபி என்ற சொல்லின் பொருளை அடுக்கிவைக்கும் கணக்காகப் புரிந்துகொள்வது எளிது. ஒரு படிகத்தில் அணுக்கள் உட்கார இருக்கைகள் வரிசையாக இருக்கின்றன. ஒரே இனம் என்றால் யார் எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றுதான். ஐந்து இனம் என்றால் அடுக்கும் வகைகள் கணக்கில் அடங்காமல் பெருகுகின்றன. அந்தப் பெருக்கத்தின் மடக்கைதான் கலப்பு என்ட்ரோபி. வாயு மாறிலியின் மடங்காகச் சொன்னால், சம அளவில் இரண்டு உலோகங்களுக்கு 0.69, ஐந்துக்கு 1.61, பத்துக்கு 2.30. இரண்டிலிருந்து ஐந்துக்குப் போனால் இரு மடங்குக்கு மேல் ஏறுகிறது; ஐந்திலிருந்து பத்துக்குப் போனால் அரை மடங்குகூட ஏறுவதில்லை. எத்தனை உலோகங்களை வேண்டுமானாலும் சேர்த்துக்கொண்டே போகலாம் என்பதில் பயன் குறைவு என்பதை இந்த எண்களே காட்டுகின்றன.

இந்த என்ட்ரோபி தனியாக வேலை செய்வதில்லை. அதை வெப்பநிலையால் பெருக்கிய பிறகுதான் அதன் பலம் தெரியும். உருகுநிலைக்கு அருகில் அது வலுவானது: எல்லோரும் கலந்தே இருங்கள் என்கிறது. குளிரக் குளிர அதன் குரல் தணிந்து, அணுக்களின் விருப்பு வெறுப்புகள் மேலெழுகின்றன. மாங்கனீசுக்கு நிக்கல் வேண்டும். இரும்புக்குக் கோபால்ட் வேண்டும். குரோமியம் தனியாக ஒதுங்கப் பார்க்கும்.

இதை நேரடியாகச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2016-இல் வெளிவந்தது. கான்டர் கலவையை 900, 700, 500 டிகிரி செல்சியஸில் 500 நாள் சூட்டிலேயே வைத்திருந்தார்கள். 900-இல் கலவை கலையவில்லை. 700-இல் குரோமியம் மிகுந்த, அமைப்பே வேறான புதிய கட்டம் ஒன்று தலைகாட்டியது. 500-இல் மாங்கனீசும் நிக்கலும் சேர்ந்து ஒன்று, இரும்பும் கோபால்டும் சேர்ந்து ஒன்று, குரோமியம் தனியே ஒன்று என்று பிரிந்தன. அறை வெப்பநிலையில் நம் கையில் இருக்கும் கான்டர் கலவை நிலையானது என்று நினைப்பதற்கில்லை. பிரிவதற்கு அணுக்களுக்கு நேரமும் கால் வலுவும் கிடைக்காததால்தான் அது அப்படியே இருக்கிறது. உயர் என்ட்ரோபி என்ற பெயர் பாதி உண்மை என்று நான் கருதுவது இதனால்தான்.

நேரம் கிடைக்காமை என்பதை அதன் எல்லைவரை கொண்டுபோகும் செய்முறை ஸ்பட்டரிங். 1852-இல் லண்டனில் வில்லியம் ராபர்ட் குரோவ், வாயு நிரப்பிய குழாய்க்குள் மின்சாரம் செலுத்திக்கொண்டிருந்தபோது, மின்முனை உலோகம் பெயர்ந்து எதிரில் படிவதைக் கண்டார். குழாயைக் கறைப்படுத்தும் தொல்லையாக நெடுங்காலம் கருதப்பட்ட அந்த நிகழ்வுதான் இன்று சில்லு முதல் மூக்குக் கண்ணாடி வரை எல்லாவற்றின் மேலும் படலம் பூசுகிறது.

துருப்பிடிக்காத எஃகில் செய்த ஓர் அறை. அதிலிருக்கும் காற்றை, வளிமண்டல அழுத்தத்தில் நூறு கோடியில் ஒரு பங்கு மிஞ்சும்வரை பம்புகள் இறைத்தெடுக்கும். பிறகு ஆர்கானைக் கொஞ்சமாக விடுவார்கள். அரை பாஸ்கல் போதும், அதாவது வளிமண்டல அழுத்தத்தில் இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு. பூச வேண்டிய உலோகக்கலவை வட்டத் தட்டாக ஒரு பக்கம் இருக்கும். டார்கெட் என்பது அதுதான். அதற்குச் சில நூறு வோல்ட் எதிர்மின்னழுத்தம் கொடுத்ததும் அறைக்குள் ஊதா ஒளி எழும். கண்ணாடிச் சாளரம் வழியாக அதை முதன்முதலில் பார்த்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஒளி தட்டு முழுதும் பரவாமல், வளையல் ஒன்றை மிதக்கவிட்டதுபோல வட்டமாக நின்றது. தட்டுக்குப் பின்னால் இருக்கும் காந்தங்கள் எலக்ட்ரான்களை அந்த வட்டத்துக்குள் சுற்றவைப்பதால் ஆர்கான் அங்கேதான் அதிகம் அயனியாகிறது. மாதக்கணக்கில் ஓட்டிய டார்கெட்டை வெளியே எடுத்தால் அதே வட்டத்தில் ஒரு பள்ளம், நீர் அரித்த வாய்க்கால் போல, இறங்கியிருக்கும். ரேஸ்டிராக் என்பார்கள். பள்ளம் அடித்தட்டைத் தொடுவதற்குள் டார்கெட்டை மாற்றிவிட வேண்டும்.

ஆர்கான் அயனி டார்கெட்டில் மோதும்போது நடப்பது கேரம் பலகையில் முதல் அடி அடிப்பது போன்றது. ஒரு காய் இன்னொன்றைத் தள்ள, அது மூன்றாவதைத் தள்ள, தாறுமாறாகச் சிதறிய அந்த மோதல்களில் சில மேற்பரப்பை நோக்கித் திரும்புகின்றன. அங்கே உட்கார்ந்திருக்கும் அணு தெறித்து வெளியே பறக்கிறது. பறக்கும் அணுவின் ஆற்றல் சில எலக்ட்ரான் வோல்ட். ஒரு எலக்ட்ரான் வோல்ட்டை வெப்பநிலையாகச் சொன்னால் 11,600 கெல்வின். உருக்கிய உலோகத்திலிருந்து ஆவியாகிப் போகும் அணுவுக்கு இதில் சிறு பங்குதான் இருக்கும்.

பல உலோகக் கலவைகளுக்கு இந்த வழி ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்பதற்கு ஓர் எளிய காரணம் இருக்கிறது. அலுமினியமும் டங்ஸ்டனும் சேர்ந்த கலவையை உலையில் செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், ஏறத்தாழ 2,470-இல் கொதிக்கும். டங்ஸ்டனோ 3,422 வரை உருகாது. டங்ஸ்டன் இளகுவதற்குள் அலுமினியம் ஆவியாகிப் போயிருக்கும். ஸ்பட்டரிங்கில் உருக்கும் வேலையே இல்லை. உலோகப் பொடிகளைக் கலந்து அழுத்திச் செய்த டார்கெட்கூடப் போதும். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் அப்படித்தான் தொடர்ந்து செய்கிறார்கள். எல்லா உலோகமும் ஒரே எளிமையில் தெறிப்பதில்லை என்பது உண்மைதான். செம்பு சுலபமாக வரும், டான்டலம் அடம்பிடிக்கும். ஆனால் சுலபமாக வருவது முதலில் தீர்ந்து மேற்பரப்பில் குறைந்துவிடுவதால், சிறிது நேரத்தில் வெளியேறும் விகிதம் டார்கெட்டின் விகிதத்தோடு தானாகவே சமமாகிவிடுகிறது. அதுவரை தகட்டை மறைக்கும் ஷட்டரை மூடிவைத்து, வருவதையெல்லாம் அதன்மேல் வீணாக்குவார்கள்.

இனி தகட்டின் பக்கம் வருவோம். இங்கேதான் பொருள் பிறக்கிறது.

சாதாரணமாகப் படலம் நொடிக்கு 0.2 நானோமீட்டர் வளர்கிறது என்று வைத்துக்கொண்டால், ஓர் அணுவின் பருமன் ஏறத்தாழ அதே அளவு. அப்படியானால், வந்து விழுந்த ஓர் அணுவுக்குத் தன் தலைமேல் அடுத்த அடுக்கு வருவதற்குள் கிடைப்பது ஒரு நொடி. கொண்டுவந்த ஆற்றலையோ அது விழுந்த பிக்கோ நொடிகளிலேயே அடியிலிருக்கும் அணுக்களுக்குக் கொடுத்துவிட்டுக் குளிர்ந்துவிடுகிறது. அந்த ஒரு நொடிக்குள் பக்கத்து இருக்கைக்குத் தாவினால் உண்டு. நெரிசலான நிறுத்தத்தில் பேருந்தில் ஏறியவர்போல, காலை ஊன்றிய இடமே கடைசிவரை அவர் இடம். மாங்கனீசுக்கு நிக்கல் பிடிக்கும் என்றாலும் தேடிப் போக வழியில்லை. வார்ப்பில் மணிக்கணக்கில் ஆறும் கட்டிக்குக் கிடைக்கும் வாய்ப்பு இங்கே எந்த அணுவுக்கும் கிடையாது. வார்த்தால் இரண்டு மூன்று கட்டங்களாகப் பிரிந்துபோகும் கலவைகள் படலமாகும்போது ஒரே கட்டமாக நிற்பதற்குக் காரணம் என்ட்ரோபியின் கருணையைவிட இந்த அவசரம்தான்.

எவ்வளவு தாவ முடியும் என்பது தகட்டின் வெப்பநிலை உருகுநிலையில் எத்தனை பங்கு என்பதைப் பொறுத்தது. 1969-இல் கீவ் நகரில் மோவ்சன், டெம்சிஷின் என்ற இருவர், ஆவியாக்கிப் படியவைத்த தடித்த படலங்களை வெட்டிப் பார்த்து இதை ஒரு வரைபடமாக்கினார்கள். கெல்வினில் உருகுநிலையின் பத்தில் மூன்று பங்குக்குக் கீழே, அணுக்கள் விழுந்த இடத்திலேயே கிடக்கும். நெட்டையான தூண்களும் நடுவே வெற்றிடங்களும். அதற்கு மேலே போனால் தூண்கள் இறுகி ஒட்டிக்கொள்ளும். பாதியைத் தாண்டினால் அணுக்கள் உள்ளுக்குள்ளேயே நகர்ந்து பருமனான படிக மணிகளாகும். 1974-இல் அமெரிக்காவின் ஜான் தார்ன்டன் ஸ்பட்டரிங்குக்காக அந்த வரைபடத்தில் இன்னொரு அச்சைச் சேர்த்தார்: ஆர்கான் அழுத்தம்.

முதலில் சொன்ன இரண்டு தகடுகளின் மர்மம் அந்த அச்சில் இருக்கிறது. அழுத்தம் குறைவாக இருந்தால் தெறித்த அணு வழியில் யாரையும் மோதாமல், முழு வேகத்தோடு நேராக வந்து இறங்கும். இறங்கும் வேகமே சுற்றியிருப்பவற்றை நெட்டி இடைவெளியை அடைக்கும். அழுத்தம் கூடினால் வழியெங்கும் ஆர்கானோடு மோதி, களைத்துப்போய், சாய்வான கோணங்களில் வந்து சேரும். சாய்வாக வரும் மழையில் உயரமான பயிர் நனைய அதன் நிழலில் இருக்கும் குட்டைப் பயிர் காய்வதுபோல, சற்றே உயர்ந்துவிட்ட தூண் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறது. பக்கத்துப் பள்ளம் பள்ளமாகவே தங்குகிறது. தூண்களின் தலைகள் காலிஃபிளவர்போல உருண்டு, நடுவே கறுத்த இடுக்குகளோடு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தெரியும். மேற்பரப்பு கரடுமுரடாவதால் ஒளி சிதறுகிறது. அதுதான் அந்த மங்கல். வைர முனைக்கு அடியில் நசுங்குவது உலோகம் மட்டுமல்ல, வெற்றிடமும்கூட.

அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனால் நல்லதுதானே என்று கேட்கத் தோன்றும். போக முடியாது. சம்மட்டிபோலத் தொடர்ந்து அடிக்கும் அணுக்கள், இடமில்லாத இடத்தில் தங்களைத் திணித்துக்கொள்கின்றன. படலம் விரியத் துடிக்கும், தகடு விடாது. அந்த இறுக்கம் ஜிகாபாஸ்கல் அளவுக்கு ஏறிவிடும். ஒட்டுதல் சற்றே தளர்ந்த இடத்தில் படலம் தகட்டைவிட்டு எழும்பி, பழைய தொலைபேசியின் சுருள் கம்பிபோல வளைந்து வளைந்து ஓடும் கொப்புளமாகும். ஒருமுறை வெளியே எடுத்த தகட்டை உடனே நுண்ணோக்கியில் வைத்தபோது, அந்தக் கொப்புளம் என் கண்ணெதிரே புழுவைப்போல ஊர்ந்து முன்னேறியது. காற்றின் ஈரம் படலத்துக்கும் தகட்டுக்கும் நடுவே புகுந்து பிணைப்பை அறுக்க, விளிம்பு நகர்ந்துகொண்டே போகிறது. மூன்று நாள் வேலை கால் மணி நேரத்தில் உரிந்துபோனது. கலவை விகிதம் அப்போதும் மிகச் சரியாகத்தான் இருந்தது.

உள்ளே அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்பதை எக்ஸ் கதிர் சொல்லும். கான்டர் கலவைப் படலம் பொதுவாக முகப்பு மைய கனசதுரம். நெருக்கமாக அணுக்கள் அமைந்த தளம் தகட்டுக்கு இணையாகப் படுத்திருக்கும். எக்ஸ் கதிர் முகடு கூர்மையாக இல்லாமல் பரந்து தெரிந்தால், படிக மணிகள் சில பத்து நானோமீட்டர்தான் என்று பொருள். இதில் அலுமினியத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அமைப்பு பொருள் மைய கனசதுரத்துக்கு மாறிவிடும். நியோபியம், சிர்கோனியம் போன்ற பருத்த அணுக்களைப் போதிய அளவு நுழைத்தால் எந்தப் படிகத்திலும் பொருந்த முடியாமல் வரிசையே குலைந்து, முகடுக்குப் பதில் ஒரு மழுங்கலான மேடு மட்டும் மிஞ்சும். அது படிகமற்ற உலோகம், உலோகக் கண்ணாடி. அணுக்களின் பருமன் வேறுபாடு எவ்வளவு இருந்தால் படிகம் உடையும் என்பதில் கென்ட் குழுவினர் தனியாகவே உழைத்திருக்கிறார்கள்.

இப்போது பண்புகள். வார்த்த கான்டர் கலவை மென்மையானது. கடினத்தன்மை 2 ஜிகாபாஸ்கலைத் தொடுவதே அரிது. அதையே படலமாக அடர்த்தியாகப் படியவைத்தால் பல மடங்கு ஏறுகிறது. மணி சிறுத்தால் உலோகம் வலுக்கும் என்று 1950-களின் தொடக்கத்தில் ஹாலும் பெட்சும் கண்ட விதிதான் இங்கே பெரும் பங்கு வகிக்கிறது. ஒவ்வொரு மணியின் எல்லையும், உருச்சிதைவு பரவாமல் தடுக்கும் ஒரு வரப்பு.

வலிமையைப் பற்றிப் பேசும்போது சூரிக் நகரில் நடந்து 2015-இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. நியோபியம், மாலிப்டினம், டான்டலம், டங்ஸ்டன் என்ற நான்கையும் சேர்த்துத் தெறிக்கவிட்டுப் படலம் செய்தார்கள். அதிலிருந்து அயனிக் கற்றையால் குட்டித் தூண்களைச் செதுக்கினார்கள். மிகச் சிறியவற்றின் விட்டம் நூறு நானோமீட்டர் அளவு. ஒரு தலைமுடியின் குறுக்கே எழுநூறு எண்ணூறு தூண்களை நிறுத்தலாம். அவற்றை மேலிருந்து அழுத்தியபோது 10 ஜிகாபாஸ்கல் அளவு தாங்கின. அதே கலவையின் பெரிய கட்டி தாங்குவதைப்போலப் பத்து மடங்கு. பிறகு 1,100 டிகிரி செல்சியஸில் மூன்று நாள் சுட்டார்கள். பக்கத்தில் அதேபோல் செய்துவைத்த தூய டங்ஸ்டன் தூண்கள் உருக்குலைந்துபோயின. உலோகங்களிலேயே மிக உயர்ந்த உருகுநிலை டங்ஸ்டனுக்குத்தான். ஆனாலும் நிமிர்ந்து நின்றவை கலவைத் தூண்கள்.

இதையும் கான்டர் கலவையையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. கான்டர் கலவையைக் கடுமையாக முறுக்கி நானோ மணிகளாக்கி 450 டிகிரியில் வைத்தபோது, பிரிவினை ஐந்து நிமிடத்தில் தொடங்கிவிட்டது. பெரிய மணிகள் கொண்ட கட்டிக்கு 500 நாள் கொடுத்துப் பார்த்த அதே பிரிவினை. மணி எல்லைகள் அணுக்களுக்கு நெடுஞ்சாலை. மணி சிறுத்தால் சாலைகள் பெருகும். வலிமை தந்த அதே வரப்பு இப்போது ஓடுபாதையாகிறது. அப்படியானால் சூரிக் தூண்கள் மட்டும் எப்படித் தப்பின? உருகுநிலை உயர்ந்தது என்பது பதிலாகாது. கான்டர் கலவை உருகுவது ஏறத்தாழ 1,300 டிகிரியில், சூரிக் கலவை 2,900 அளவில். கெல்வினில் கணக்கிட்டால் 450-ம் சரி, 1,100-ம் சரி, அந்தந்தக் கலவையின் உருகுநிலையில் பாதிக்குச் சற்றுக் கீழேதான். ஒப்பளவில் இரண்டும் ஒரே சூட்டில்தான் வெந்தன. வேறுபாடு உறவில் இருக்கிறது. நியோபியமும் மாலிப்டினமும் டான்டலமும் டங்ஸ்டனும் ஒன்றில் ஒன்று எந்த விகிதத்திலும் கரையக்கூடியவை; பிரிந்துபோக அவற்றுக்குப் பெரிய காரணம் இல்லை. எத்தனை உலோகம் என்பதைவிட எந்த உலோகங்கள் என்பது பெரிது. இந்த வகைக் கலவைகளில் அணுக்கள் இயல்பாகவே மந்தமாக நகர்கின்றன என்று முன்பு பொதுவிதியாகச் சொல்லப்பட்டதை இப்போது பலரும் கேள்விக்குள்ளாக்குவது நியாயம்தான்.

அறைக்குள் ஆர்கானோடு கொஞ்சம் நைட்ரஜனையும் விட்டால் கதை வேறு. ஹார்டுவேர் கடையில் பொன் நிறத்தில் தொங்கும் டிரில் பிட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பூச்சு டைட்டானியம் நைட்ரைடு, கடினத்தன்மை இருபது சொச்சம் ஜிகாபாஸ்கல். இதிலுள்ள கட்டமைப்பு சமையலுப்பினுடையது: ஓர் இருக்கை வரிசை உலோகத்துக்கு, மற்றொன்று நைட்ரஜனுக்கு. உலோக வரிசையில் டைட்டானியத்தோடு அலுமினியம், குரோமியம், நியோபியம், சிலிக்கான், வனேடியம் என்று கலந்து உட்காரவைத்தால்? யே குழுவினர் செய்தார்கள். கடினத்தன்மை 40 ஜிகாபாஸ்கல் அளவை எட்டியது. 1,000 டிகிரி வரை சுட்ட பிறகும் மணிகள் பருக்கவில்லை. அதிவேகத்தில் எஃகைச் சீவும் கருவியின் முனையில் சூடு ஏறுவதை நினைத்துப் பார்த்தால் இதன் மதிப்பு விளங்கும். நைட்ரஜனை விரும்பும் உலோகங்களைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது முக்கியம். நிக்கலும் செம்பும் அதில் அக்கறை காட்டுவதில்லை.

யே பணியாற்றும் தேசிய ட்சிங் ஹுவா பல்கலைக்கழகம் இருப்பது ஷிஞ்சு நகரில், தைவானின் சில்லுத் தொழில் குவிந்திருக்கும் இடம். சில்லுக்குள் மின்சாரத்தை எடுத்துச் செல்லும் கம்பிகள் 1990-களின் இறுதியில் அலுமினியத்திலிருந்து செம்புக்கு மாறின. செம்புக்கு ஒரு கெட்ட குணம்: சிலிக்கானுக்குள் நுழைந்து கெடுத்துவிடும். நடுவே ஒரு தடுப்புப் படலம் வேண்டும். 2008-இல் அந்தக் குழு அலுமினியம், மாலிப்டினம், நியோபியம், சிலிக்கான், டான்டலம், டைட்டானியம், வனேடியம், சிர்கோனியம் என்று எட்டுத் தனிமங்களைத் தெறிக்கவிட்டு ஒரு படலம் செய்தது. பருமன் பொருந்தாத எட்டு இனம் சேர்ந்ததால் படிகமே இல்லை. படிகம் இல்லாததால் மணி எல்லையும் இல்லை. செம்பு ஓடுவதற்குச் சாலை இல்லை. 700 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தும் செம்பு மறுபக்கம் போய்ச் சிலிக்கானோடு சேரவில்லை. அதே ஒழுங்கின்மை எலக்ட்ரான்களையும் தடுக்கும் என்பதை மறக்கக் கூடாது. இந்தப் படலங்களின் மின்தடை செம்பைவிடப் பல பத்து மடங்கு. தடுப்பாக மெல்லியதாக வைக்கலாம், கம்பியாகப் பயன்படாது.

ஜெர்மனியின் போஹும் நகரில் ஆல்ஃபிரட் லுட்விக் குழுவினர் இந்த அறையையே வேறு விதமாகப் பயன்படுத்துகிறார்கள். ஊசிமுனைகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றின் மேலும் கான்டர் கலவையைப் பூசி, சூடேற்றி, ஒவ்வோர் அணுவாக உரித்து எண்ணும் கருவியில் வைத்துப் பிரிவினை எந்தச் சூட்டில் தொடங்குகிறது என்று பார்த்தார்கள். இன்னொரு முறை, தகட்டுக்குப் பதிலாக வெற்றிடத்தில் ஆவியாகாத ஓர் உப்புத் திரவத்தைக் கிண்ணங்களில் ஊற்றிவைத்து அதன்மேல் ஐந்து உலோகங்களையும் தெறிக்கவிட்டார்கள். படலம் உருவாகவில்லை, திரவத்துக்குள் நானோ துகள்கள் மிதந்தன. எரிபொருள் கலத்தில் ஆக்சிஜனை வினைபுரியவைக்க அந்தத் துகள்கள் எதிர்பாராத அளவுக்கு உதவின. ஐந்தில் எந்த ஒன்றை நீக்கினாலும் வேகம் குறைந்தது. பிளாட்டினம் இல்லாமலே இந்த வேலை நடக்கலாம் என்ற நம்பிக்கையை 2018-இல் அவர்கள் வெளியிட்ட அந்த முடிவு தந்தது.

நாற்பது உலோகங்களிலிருந்து ஐந்தைத் தேர்ந்தெடுக்க 6,58,008 வழிகள். அதுவும் சம பங்கு மட்டும் என்று வைத்துக்கொண்டால். ஒவ்வொன்றையும் உலையில் வார்த்துச் சோதிக்க எத்தனை தலைமுறை வந்தாலும் போதாது. ஐந்து டார்கெட்களை ஐந்து திசையில் சாய்த்துவைத்து ஒரே நேரத்தில் தெறிக்கவிட்டால், நூறு மில்லிமீட்டர் தகடு ஒன்றின்மேல் ஓரத்துக்கு ஓரம் விகிதம் மாறிக்கொண்டே போகும். போஹும் ஆய்வகத்தில் அப்படிப்பட்ட தகட்டை 342 இடங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கலவை, படிகம், கடினத்தன்மை, மின்தடை என்று தானியங்கிக் கருவிகளால் அளக்கிறார்கள். ஓர் உலை ஆண்டுக்கணக்கில் தருவதை ஒரு தகடு ஒரு பிற்பகலில் தந்துவிடுகிறது. ஆனால் அந்த 342 அளவுகளும் ஓர் அழுத்தத்துக்கும் ஒரு வெப்பநிலைக்கும் மட்டுமே உரியவை. அரை பாஸ்கலில் பூசிய தகட்டை அளந்து முடித்து எடுத்துவைத்த பிறகு, அதே ஐந்து டார்கெட்களோடு, ஷட்டரை மூடி, ஆர்கானை ஒரு பாஸ்கலுக்கு ஏற்றி, மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.